மகளின் சுருள் தலைமயிர் நீளவே மாட்டேன் என்கிறது. கறுப்பினத் தலைமுடி தெரிந்தவர்கள் வாருங்கள்

ஸ்காபரோ_தாய்

மகளுக்கு ஆறு வயது. தகப்பன் ஜமைக்காக்காரர், தலைமயிர் முழுக்க அவருடைய பக்கம். ஈரமாக இருக்கும்போது ஒரு சுருளைப் பிடித்து இழுத்தால் தோளைத் தாண்டி வரும், காய்ந்ததும் காதுக்கு மேலே ஏறி நின்றுவிடும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் இருந்த அதே நீளத்தில்தான் இந்த வருடமும் நிற்கிறது, பின்பக்கம் இன்னும் கட்டையாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா ஒவ்வொரு வீடியோ கோலிலும் "விளக்கெண்ணெய் வை, ஒருக்கா மொட்டை அடி, கொத்தாக வரும்" என்கிறார். கிங்ஸ்டனில் இருக்கும் மாமி "அடிக்கடி முழுக வார்க்காதே, மண்டைக்குக் கிரீஸ் பூசி இறுக்கிப் பின்னிவிடு" என்கிறார் (கிரீஸ் என்றால் தலைக்குப் பூசும் வாஸ்லின் மாதிரிக் களிம்பு). இங்கே டொராண்டோ எக்ளின்டன் வெஸ்டில் பின்னிவிடுகிற பெண்ணோ மண்டையில் கிரீஸே வைக்காதே என்கிறார். எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்கு நேர் எதிர். இந்த மாதிரித் தலைமயிரோடு உண்மையாகப் புழங்கியவர்கள் சொல்லுங்கள். செம்பருத்தி, கறிவேப்பிலைக் குறிப்புகள் வேண்டாம், ப்ளீஸ்.

மழைக்குருவி

செம்பருத்தி இலையை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்துத் தேய்த்துப் பாருங்கள் சகோதரி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் நல்லது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இடுப்பு வரை முடி.

சீப்புப்பல்

@மழைக்குருவி கடைசி வரியைப் படித்தீர்களா இல்லையா?

லண்டன்_தோல்

தோல் மருத்துவம் என் வேலை. லண்டனின் தெற்குப் பக்கம், நோயாளிகளில் நிறையப் பேர் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளி. குழந்தையைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

வளரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். கார்ன்ரோ (மண்டையோடு ஒட்டி வரிசையாகப் போடும் பின்னல்) பின்னி மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் மண்டைக்கும் பின்னல் தொடங்கும் இடத்துக்கும் நடுவே புதுமுடி தெரிகிறதா? தெரிந்தால் முடி வளர்கிறது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆப்பிரிக்க வம்சாவளி முடி மாதத்துக்குச் சராசரியாக 0.8 சென்டிமீட்டர் வளர்வதாக அளந்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு அது 1.2 பக்கம். கொஞ்சம் மெதுவுதான், ஆனாலும் வருடத்துக்கு ஒன்பது பத்து சென்டிமீட்டர் வரவேண்டும். வேரில் வந்துகொண்டே இருந்தும் நீளம் கூடவில்லை என்றால் நுனியில் அதே வேகத்தில் ஒடிகிறது, வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏன் ஒடிகிறது? குறுக்கே நறுக்கிப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் முடி ஏறத்தாழ வட்டம். இந்த முடி தட்டையான நீள்வட்டம், அது முளைக்கும் குழியே வளைந்தது. ஒவ்வொரு சுருளின் திருப்பமும் ஒரு பலவீனமான இடம், சீப்பு மாட்டினால் அங்கேதான் முறியும். அப்புறம் தலையில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் தானாக நுனிவரை இறங்கிவிடும், இந்தச் சுருள்களில் இறங்காமல் வேர்ப்பக்கமே தங்கிவிடும். அதனால் மண்டை பிசுக்காக இருக்கும்போதே நுனி வைக்கோலாகக் காய்ந்திருக்கும். மண்டையில் மேலும் எண்ணெய் வைத்தால் இதில் எது தீரும் என்று நீங்களே யோசியுங்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வராது. கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, வேருக்கு அது தெரியவே தெரியாது. வளர்த்த கொஞ்ச நீளமும் போவதுதான் மிச்சம்.

ஸ்காபரோ_தாய்

நன்றி டாக்டர். பின்னலுக்கு அடியில் புதுமயிர் தெரியும், பின்னுகிற பெண்ணே காட்டியிருக்கிறார். அப்படியென்றால் ஒடிகிறதுதான். பின்பக்கம் மட்டும் ஏன் கூடுதலாக?

ஹூஸ்டன்_கோவைக்காரி

தலையணை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சும், குழந்தை இரவெல்லாம் புரளும்போது முடி அதில் உரசி உரசி ஒடியும். எங்கள் வீட்டிலும் அதே இடம்தான். சாட்டின் பொனட், அதாவது தூங்கும்போது போடும் வழுவழுப்பான துணித் தொப்பி, போட்டுவிடுங்கள். கழற்றி எறிந்தால் (எறிவாள்) தலையணைக்குச் சாட்டின் உறை. காரில் பின் இருக்கை, குளிர்காலத்தில் கம்பளித் தொப்பி, இவையும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கள் ஊர்க் குளிருக்குத் தொப்பி இல்லாமல் முடியாது, உள்பக்கம் சாட்டின் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் நைஜீரியர், இக்போ. ஹூஸ்டனில் நைஜீரியர்கள் அதிகம் என்பதால் சொல்லித்தர அத்தைமார்களுக்குப் பஞ்சமில்லை. பெண்ணுக்கு ஒன்பது வயது, பின்னல் இப்போது முதுகில் விழுகிறது. எந்த எண்ணெயும் செய்த அற்புதம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்க வைக்கும் விதம்தான்.

காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே மாட்டேன். பழைய பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, தலையை ஆறு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பாகமாகத்தான் அவிழ்ப்பேன். கை நிறையக் கண்டிஷனர், கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. முதலில் விரலாலேயே சிக்கெடுப்பேன், அப்புறம் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி மெல்ல மேலே வரவேண்டும், அதுவும் முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேர் இழுபடாமல். நம் ஊரில் உச்சியில் சீப்பை வைத்துச் சர்ரென்று கீழே இழுப்போமே, அந்தப் பழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். பிறகு ஷாம்பு, மண்டைக்கு மட்டும், விரல் நுனியால். நுரை வழிந்து போகும்போதே முடி சுத்தமாகிவிடும். மறுபடி கண்டிஷனர் தடவி பிளாஸ்டிக் தொப்பி மாட்டி ஒரு அரைமணி நேரம் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவேன். அலசிய பின் துண்டு போட்டுத் தேய்க்காமல் பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுத்து, சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே அலசாமல் விடும் கண்டிஷனர், மேலே கொஞ்சம் எண்ணெய், அதற்கு மேல் கிரீம் பூசி, இரண்டிரண்டு இழையாக ட்விஸ்ட் போட்டால் வாரம் முழுக்கத் தலையைத் தொட வேண்டியதில்லை. தொடாமல் இருப்பதில்தான் பாதி வெற்றி.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சிக்கெடுக்கும்போது ஒரு உருண்டை முடி கையோடு வரும். வாரம் முழுக்க உதிர்ந்தது சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்து மொத்தமாக வருகிறது, பயப்படாதீர்கள். ஒன்றிரண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் ஒடிந்தது. சில இழைகளில் முடி தனக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், மணல் பருமனுக்கு. அதை அவிழ்க்கப் பார்க்காமல் முடிச்சுக்கு மேலே கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்து ஒடிக்கும்.

குரோய்டன்_கடை

தங்கச்சி, நான் இந்தச் சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறேன். 'குரோத் ஆயில்' என்று லேபிள் போட்ட போத்தலைத் தொடாதீர்கள். உள்ளே பெரும்பாலும் சோயா எண்ணெயும் வாசனையும் கொஞ்சம் பெப்பர்மின்ட்டும். மண்டை ஜிலுஜிலு என்றவுடன் வேலை செய்கிறது என்று சனம் நினைக்கிறது.

போத்தலைத் திருப்பி முதல் சொல்லைப் பாருங்கள். இங்கே ஐரோப்பியப் பக்கச் சாமான்களில் 'அக்வா' என்று இருக்கும், தண்ணீர்தான். எது கூட இருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். 'மொய்ஸ்சரைசர்' என்று பெயர் வைத்துவிட்டு முதல் சொல் பெட்ரோலேட்டம் (வாஸ்லின்தான்) என்றால் அதில் ஈரமே இல்லை, மூடி போடத்தான் உதவும். மூடி போடுவதும் தேவைதான், ஆனால் தண்ணீருக்குப் பிறகு. காய்ந்த தலையில் கிரீஸைப் பூசினால் வறட்சியைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். சனிக்கிழமைகளில் தாய்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கூடை நிறையச் சாமான் எடுப்பார்கள், நான் ஒரு நல்ல கண்டிஷனர், ஒரு ஸ்பிரே போத்தல், ஒரு அகலச் சீப்பு, ஒரு பொனட் என்று குறைத்துக் கொடுப்பேன். மனைவி முறைப்பாள்.

வடக்குவீதி

அதுசரி, தேங்காய் எண்ணெய்? நம்மவர் அதிலேயே வளர்ந்தவர்கள். அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

லண்டன்_தோல்

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அது முடிக்குள்ளேயே நுழையும். 2003இல் மும்பையில் இருந்து வந்த ஆய்வு ஒன்றில், மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டோடும் ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியில் இருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது. ஆகவே ஷாம்புவுக்கு முன்னால் முடியின் மேல் தடவுங்கள், மண்டையில் வேண்டாம். சிலருக்கு அதுவே முடியை விறைப்பாக்கும், அப்படியானால் விட்டுவிடுங்கள்.

மண்டைக்கு ஏன் வேண்டாம் என்றால், பொடுகோடு சேர்ந்த பூஞ்சை எண்ணெயில் செழிக்கும். செதில் உரிகிறது என்று வறட்சி என நினைத்து எண்ணெய் வைக்கிறார்கள், செதில் கூடுகிறது, இன்னும் எண்ணெய் வைக்கிறார்கள். கிளினிக்கில் இதே கதையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கறுப்பினத் தலைமுடியை வாரத்துக்கு ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. தினமும் கழுவினால் காய்ந்துவிடும், மாதக்கணக்கில் விட்டால் மண்டை கெடும்.

விளக்கெண்ணெயைப் பொறுத்தவரை, கரீபியக் கடைகளில் 'ஜமைக்கன் பிளாக் காஸ்டர் ஆயில்' என்று கிடைப்பது ஆமணக்கு விதையை வறுத்து இடித்துக் காய்ச்சியது, சாம்பலும் சேர்வதால் கறுப்பாக இருக்கும். உங்கள் அம்மா சொல்வதும் ஜமைக்காக்காரர்கள் வைப்பதும் அடிப்படையில் ஒரே எண்ணெய்தான். நுனியில் ஈரத்தை அடைத்து வைக்கக் கொஞ்சம் பூசலாம், கெட்டியான எண்ணெய், அந்த வேலைக்குச் சரி. முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

லா_ஷபெல்_பையன்

செபே பொடி பற்றி யாரும் சொல்லவில்லையே. பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் இருந்து கொஞ்சம் நடந்தால் ஷாத்தோ தோ பக்கம் வரிசையாக ஆப்பிரிக்க சலூன்கள், அங்கே எங்கே பார்த்தாலும் அதுதான் பேச்சு. சாட் நாட்டுப் பெண்கள் முட்டிவரை முடி வளர்ப்பது அதனால்தானாம்.

லண்டன்_தோல்

அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. குரோட்டன் விதை, கிராம்பு எல்லாம் வறுத்து இடித்த பொடியை எண்ணெயோடு குழைத்து முடியின் நீளத்தில் மட்டும் பூசுகிறார்கள், மண்டையில் இல்லை. பூசிப் பின்னிவிட்டு நாட்கணக்கில் அவிழ்ப்பதில்லை, அடுத்த முறை அதன் மேலேயே மறுபடி பூசுகிறார்கள். சீப்புப் படுவதில்லை, வெயிலும் காற்றும் நேரே படுவதில்லை, எதுவும் ஒடிவதில்லை. பொடிக்குத் தனிச் சக்தி இல்லை என்பது என் கருத்து. இங்கே ஹூஸ்டன் தோழி பனியனும் கிளிப்பும் வைத்துச் செய்வதும் அடிப்படையில் அதேதான்.

மழைக்குருவி

கோபிக்காதீர்கள், தெரியாமல்தான் கேட்கிறேன். இவ்வளவு பாடு எதற்கு? ரிலாக்ஸர் போட்டு நேராக்கிவிட்டால் நீளமாகவும் தெரியும், சீவவும் சுலபம். என் அலுவலகத்தில் கறுப்பினப் பெண்கள் அப்படித்தானே செய்கிறார்கள்.

ஹூஸ்டன்_கோவைக்காரி

ஆறு வயதுக் குழந்தைக்கா?

லண்டன்_தோல்

கேட்டதில் தப்பில்லை, பல தலைமுறையாக அதைத்தான் செய்தார்கள், பெரியவர்கள் விரும்பிச் செய்தால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரியான கடும் காரம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. அந்தப் பிணைப்புகள்தான் சுருளுக்கும் வலுவுக்கும் காரணம். திரும்ப ஒட்டாது. மண்டைத்தோலில் பட்டால் சுடும். 'லை (சோடியம் ஹைட்ராக்சைடு) இல்லாதது' என்று விற்பதிலும் காரம்தான், பெயர் மட்டும் வேறு. ஏற்கெனவே நேராக்கிய பகுதியின் மேல் மறுபடி படப்பட நூல் நூலாக ஒடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்று இரண்டரை மடங்கு அதிகமாகப் பதிவானது. எழுபது வயதுக்குள் அந்தப் புற்று வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அரிதான நோய்தான், அதனால்தான் வந்தது என்று ஒரே ஆய்வை வைத்து நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அந்த ஆய்வில் நேராக்கிகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். சிறு வயதிலேயே தொடங்குவதும் அவர்களிடம்தான் அதிகம். நான் என் வீட்டுக் குழந்தைக்குப் போட மாட்டேன்.

அட்லாண்டா_நூலகம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், தலைமுடி வரலாறு என் பைத்தியம். கிங்ஸ்டன் மாமி சொல்வதை எல்லோரும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிற மாதிரித் தெரிகிறது, அதுதான் எழுத வந்தேன். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தங்கள் ஊர்ச் சீப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, தலை வார நேரமும் இல்லை. கிடைத்த கொழுப்பைத் தடவித் துணியால் கட்டிக்கொண்டார்கள். 1786இல் லூசியானாவில், அது ஸ்பெயினின் கையில் இருந்தபோது, கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆளுநர் மிரோ சட்டமே போட்டார். பெண்கள் அந்தத் துணியையே விதவிதமாகக் கட்டி அழகாக்கிவிட்டார்கள், அது வேறு கதை.

அதே லூசியானாவில் 1867இல் பிறந்தவர் சாரா பிரீட்லவ். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள், இவர் செயின்ட் லூயிசில் துணி வெளுத்துப் பிழைத்தார். தலையில் நோய் வந்து முடி கொட்டியது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம், குளிர்காலம் முழுக்கத் தலை கழுவாமல் இருப்பது சாதாரணம், மண்டைப் புண் பலருக்கு இருந்தது. முதலில் அன்னி மலோன் என்ற கறுப்பினத் தொழில்முனைவரிடம் விற்பனை முகவராக இருந்து, பிறகு மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தனியாகத் தொழில் தொடங்கினார். அவருடைய களிம்பில் கந்தகமும் பெட்ரோலேட்டமும் முக்கியம். கந்தகம் மண்டைப் புண்ணுக்கு மருந்து. அதோடு தலையை அடிக்கடி கழுவுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மண்டை ஆறியது, முடி வந்தது. களிம்பின் பெயரில் 'வளர்க்கும்' என்று இருந்தாலும் கழுவியதற்குப் பாதிப் புகழ் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றும். பின்னால் வந்த கம்பெனிகள் களிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு கழுவச் சொன்னதை விட்டுவிட்டன. மாமி தலைமுறைக்குக் கிரீஸ் வந்து சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் பின்னிவிட்டுத் தொடாமல் விடு என்பது மாமி சொல்வதில் நூற்றுக்கு நூறு சரி.

ஸ்காபரோ_தாய்

இதை அவருக்கு இங்கிலிஷில் சொல்லிக் காட்டினேன். "நான் சொன்னதுதானே" என்று விட்டார். கிரீஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அது போதும்.

அந்த 'இறுக்கி' என்பதுதான் எனக்குப் பயம். போன முறை பின்னிவிட்ட அன்று இரவு மகள் தலை நோகுது என்று அழுதாள். அது எக்ளின்டன் பெண் இல்லை, வேறு இடம். நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள்.

லண்டன்_தோல்

வலித்தால் அவிழ்த்துவிடுங்கள், அன்றைக்கே. காசு போனால் போகட்டும்.

இழுவையால் வரும் முடி இழப்பு நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும்தான் தொடங்கும். இறுகப் பின்னிய மறுநாள் வேருக்கருகே சின்னச் சின்னக் கொப்புளம், தோல் கூடாரம் மாதிரி மேலே இழுபட்டு நிற்பது, புருவம் தூக்கியது போலத் தெரிவது, இதெல்லாம் எச்சரிக்கை. ஆரம்பத்தில் நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் செத்துத் தழும்பாகிவிடும். இது கறுப்பினத்தவருக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவர்கள் இறுக்கிக் கொண்டை போடுபவர்கள். நம் சீக்கியப் பையன்களுக்கும் பரதநாட்டியக் குழந்தைகளுக்கும் வரும்.

சிறு குழந்தைக்குப் பெரிய பெரிய பின்னலாக, தளர்வாக, செயற்கை முடி சேர்க்காமல் போடுங்கள். கனமான மணிகள் வேண்டாம். பின்னுகிறவரிடம் ஓரத்துக் குட்டிமுடிகளைச் சேர்க்காமல் வெளியே விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் எப்போதும் வகிடு எடுக்காமல் மாற்றிக்கொண்டே இருங்கள். பெரியவர்களானாலும் ஒரே பின்னலை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஆறாவது_மாடி

சென்னையில் முடி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. திருப்பதி, பழனி மாதிரிக் கோயில்களில் காணிக்கையாகக் கொடுக்கிற முடி ஏலத்தில் வந்து, சிக்கெடுத்து, நீளவாரியாகக் கட்டி, அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாம் போகிறது. அங்கே அதை வீவ் என்று தைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய ஓர முடியில் நீளக் கட்டுகளைத் தைத்தால் எடை முழுக்க அந்த வேர்களில்தான். எங்கள் ஷெட்டில் முப்பது அங்குலக் கட்டு ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குரோய்டன்_கடை

செயற்கை முடிக்கும் ஒன்று சொல்கிறேன். பின்னியதும் நெற்றி முழுக்க அரிப்பு என்று வருபவர்களுக்கு அந்த இழையின் மேல் பூசியிருக்கும் பொருள்தான் பெரும்பாலும் காரணம். பின்னுவதற்கு முன் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்தால் குறையும்.

ஸ்காபரோ_தாய்

இன்னொரு விஷயம், மகளுக்கு இல்லை. என் மச்சாளுக்கு, இவரின் அக்கா, நாற்பது தாண்டியவர். உச்சியில் ஒரு நாணய அளவுக்கு ஐதாகிக் கொண்டு வருகிறது. எப்போதாவது அங்கே ஊசி குத்துவது போல இருக்குமாம். மேலே பின்னல் போட்டு மறைத்துக்கொண்டு, மன அழுத்தம், கிரீஸ் பூசினால் சரியாகும் என்கிறார். கேட்கலாமா?

லண்டன்_தோல்

இந்த உரையாடலிலேயே அவசரமான கேள்வி இதுதான். தயவுசெய்து தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

உச்சியில் தொடங்கி வட்டமாக வெளியே பரவுகிற தழும்பு வழுக்கை ஒன்று இருக்கிறது, நாங்கள் சிசிசிஏ என்போம். நடுவயதுக் கறுப்பினப் பெண்களிடம்தான் அதிகம். எரிவு, குறுகுறுப்பு, தொட்டால் நோவு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் பரவலாம். அங்கே தோல் பளபளவென்று, முடித்துளை தெரியாமல் வழவழப்பாகிவிட்டால் அந்த இடத்தில் திரும்ப வராது. பரவாமல் தடுப்பதுதான் சிகிச்சையின் நோக்கம், அதனால்தான் ஒவ்வொரு மாதமும் கணக்கு. 1968இல் இதைச் சூடான சீப்பால் வரும் வழுக்கை என்று எழுதினார்கள், அதனால் நீண்டகாலம் பெண்கள் மேலேயே பழி விழுந்தது, நீ சீப்பு வைத்தாய், நீ ரசாயனம் போட்டாய் என்று. சூடான சீப்பையே தொடாதவர்களுக்கும் வருகிறது. 2019இல் நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் வரும், ஆகவே உங்கள் மகள் பெரியவளான பிறகும் இதை நினைவில் வைத்திருங்கள்.

போகும்போது பின்னலை அவிழ்த்துவிட்டுப் போகவேண்டும், மூடிய தலையை யாராலும் பார்க்க முடியாது. தேவைப்பட்டால் தோலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஸ்டீராய்ட் பூச்சு அல்லது ஊசி, சில மாதம் டாக்சிசைக்ளின் மாத்திரை, அழற்சி அடங்கிய பின் முடி வளர மினாக்சிடில் என்று போகும். இரும்புச்சத்து, தைராய்டு, விட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். "வயதாகிறது, அழுத்தம்" என்று யாராவது இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டால் வேறு மருத்துவரிடம் போகவும். இந்த முடியைப் பார்த்துப் பழகியவரா என்று முன்கூட்டியே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஸ்காபரோ_தாய்

இப்போதே அவருக்குப் போன் எடுக்கிறேன்.

வடக்குவீதி

பள்ளிக்கூடத்தில் பிரச்சினை வருவதில்லையா? பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்ப்பது, அப்படி?

ஹூஸ்டன்_கோவைக்காரி

வராமலா. தொடுவார்கள். "கேட்காமல் தொடாதே" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போடவேண்டி வந்தது: பின்னல், ட்விஸ்ட், லாக்ஸ் (திரித்துவிட்ட சடைமுடி) என்பதற்காக வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2019இல் முதலில் கொண்டுவந்தது, எங்கள் டெக்சாஸில் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வந்த உடனேயே ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு மாணவனை லாக்ஸின் நீளத்துக்காக வகுப்பில் சேர்க்காமல் வைத்தார்கள். வழக்குப் போனது, சட்டத்தில் நீளம் பற்றி ஒன்றும் இல்லை என்று நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அதைவிட எரிச்சல் கோவையில்தான். "என்ன பாப்பா இப்படிப் பரட்டையா விட்டிருக்க" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெரியம்மா. மூன்று மணி நேரம் உட்கார்ந்து போட்ட தலை அது.

ஸ்காபரோ_தாய்

எல்லாருக்கும் நன்றி. சாட்டின் உறை வாங்கியாச்சு, பொனட்டைக் கரடிப்பொம்மைக்கு மாட்டிவிட்டாள். கடைசியாக ஒன்று: அடுத்த கிழமை நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. குளோரின்?

ஹூஸ்டன்_கோவைக்காரி

குளத்தில் இறங்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்துக் கண்டிஷனர் பூசிவிடுங்கள், ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். பெரிய பெரிய ட்விஸ்டாகப் போட்டுத் தொப்பி மாட்டுங்கள். சாதாரணத் தொப்பிக்குள் இந்த முடி அடங்காது, இழுத்து மாட்டினால் ஓரம் போய்விடும், பெரிய அளவில் தனியாக வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெளியே வந்ததும் அலசி மறுபடி கண்டிஷனர், ஷாம்பு வாரம் ஒரு முறை போதும்.

குரோய்டன்_கடை

தொப்பியில் 'லாங் ஹேர்' என்று எழுதியிருப்பதை எடுக்காதீர்கள், அது நீளமான நேர்முடிக்கு. 'ஆஃப்ரோ' அல்லது 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்று இருப்பதைப் பாருங்கள். சிலிக்கோன்தான் நல்லது, துணித் தொப்பி வேண்டாம்.